தமியர் அல்லர் தமியான் அடிகள்

முன்னுரை

தமிழிலே தமியன் என்றொரு சொல் உண்டு. துணையற்றவன், தன்னந்தனியாக நிற்பவன் என்பது அதன் பொருள். தொழுநோயாளரின் தந்தை என்று உலகம் போற்றும் தமியான் அடிகளாரின் பெயரை முதன்முதலில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டபோது, இந்தச் சொல்தான் என் நினைவுக்கு வந்தது. யாரும் அண்டாத தீவில் ஒரே ஒரு குரு, அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கான நோயாளர் என்ற காட்சியே என் மனத்தில் பதிந்திருந்தது. ஆனால் அவருடைய வாழ்க்கையை ஊன்றிப் படித்தபோது, அந்தக் காட்சி பாதி உண்மைதான் என்று அறிந்தேன். அவர் தனியாக அங்கே சென்றார் என்பது மெய். அங்கே அவர் தனியாக உழைக்கவில்லை என்பதும் மெய். வேறு வேறு சபைகளைச் சேர்ந்தவர்களும், வேறு வேறு நாட்டவரும், நோயாளர்களுமே கூட அவருடைய தோளோடு தோள் நின்றனர். அந்த வரலாற்றையே இச்சிறு கட்டுரையில் கூற விழைகின்றேன்.

பிறப்பும் இளமையும்

பெல்ஜியம் நாட்டில் லூவேன் நகருக்கு அருகே திரெமெலோ என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1840 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3 ஆம் நாள் நம் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு தெ வெஸ்டர். தந்தையார் உழவுத் தொழிலோடு தானிய வாணிகமும் செய்து வந்தார். பல பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தில் இவர் ஏழாவது பிள்ளை. அக்காள்மார் இருவர் கன்னியர் மடம் புகுந்தனர். அண்ணன் ஒருவர் இயேசு மரியின் திருஇருதயங்களின் சபையில் சேர்ந்து பாம்பில் என்ற துறவறப் பெயர் பெற்றார்.

யோசேப்பு தம் வாணிகத்தைக் கவனித்துக்கொள்வான் என்று தந்தை எண்ணினார். அதற்காகவே பிரெஞ்சு மொழியும் கணக்கும் பயில அவரை அனுப்பி வைத்தார். ஆனால் மகனுடைய மனம் தராசிலும் தானிய மூட்டையிலும் நிற்கவில்லை. 1859 ஆம் ஆண்டு, அண்ணன் இருந்த அதே சபையில் அவரும் சேர்ந்து தமியான் என்ற பெயரை ஏற்றார். பழங்காலத்தில் கூலி வாங்காமல் நோயாளர்க்கு மருத்துவம் செய்த புனிதர் ஒருவரின் பெயர் அது. பின்னாளில் அப்பெயர் இவருக்கு எவ்வளவு பொருத்தமாக அமையப் போகிறது என்பதை அன்று யார் அறிவார்?

இலத்தீன் மொழி அறியாத காரணத்தால் இவர் குருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர் என்று மேலதிகாரிகள் முதலில் கருதினர். உடலுழைப்பு செய்யும் சகோதரராகவே இவர் இருக்கட்டும் என்பது அவர்கள் முடிவு. தமியான் மனம் தளரவில்லை. ஓய்வு நேரங்களில் அண்ணனிடம் இலத்தீன் கற்றார். அவருடைய விரைவான முன்னேற்றத்தைக் கண்டு பெரியோர் தம் முடிவை மாற்றிக்கொண்டனர். படிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் எடுத்த நம் தோழியர்க்கு இது ஊக்கம் தரும் செய்தியன்றோ?

கடல் கடந்த பயணம்

1863 ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளுக்கு மறைப்பணி ஆற்ற அண்ணன் பாம்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பயண ஏற்பாடுகள் எல்லாம் முடிந்த நிலையில் அவர் கொடிய காய்ச்சலில் விழுந்தார். அண்ணனுக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு தமியான் நேரே பாரிசில் இருந்த சபைத் தலைவருக்கே கடிதம் எழுதினார். குருப்பட்டம் பெறாத ஓர் இளைஞர் தம் இல்லத் தலைவரைக் கடந்து இவ்வாறு எழுதியது சற்றே துணிச்சலான செயல்தான். எனினும் அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து, 1864 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19 ஆம் நாள், புனித யோசேப்பின் திருநாளன்று, ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள் அந்நகரப் பேராலயத்தில் குருவாக அருட்பொழிவு பெற்றார்.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் பணியாற்றினார். எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளின்மீது நடந்தும், குதிரையேறியும் ஊர் ஊராகச் சென்றார். தச்சு வேலை நன்கு அறிந்தவராதலால் சிற்றாலயங்களைத் தம் கையாலேயே கட்டினார். அந்நாளில் அவர் பிற சபைப் போதகர்களைப் போட்டியாளராகவே பார்த்தார். முன்கோபமும் பிடிவாதமும் அவரிடம் இருந்தன. புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை. பிறர் துன்பத்தின் அருகே நெடுங்காலம் நின்றதாலேயே அவர் உள்ளம் விரிந்தது என்று நான் எண்ணுகின்றேன்.

கண்ணீர்த் தீவு

அக்காலத்தில் தொழுநோய் ஹவாய் மக்களை வாட்டி வதைத்தது. அதற்கு மருந்து இல்லை. நோய் எதனால் வருகிறது என்பதும் தெரியாது. எனவே 1865 ஆம் ஆண்டு மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவின் ஆட்சியில் ஒரு சட்டம் பிறந்தது. தொழுநோய் உள்ளவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்து, மொலோக்காய்த் தீவின் வடகரையில் குடியேற்ற வேண்டும் என்பது அச்சட்டம். அந்த இடம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டு. மூன்று பக்கமும் சீறும் கடல். நான்காம் பக்கம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்துக்குச் சுவர் போல் நிற்கும் மலை. சிறைக்கு வேறு மதில் வேண்டுமா?

1866 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் நாள் முதல் பன்னிரண்டு நோயாளர் அங்கே கரை இறக்கப்பட்டனர். அவர்கள் தாமே பயிரிட்டுத் தம்மைக் காத்துக்கொள்வார்கள் என்று அரசு கணக்கிட்டது. விரல்கள் மடங்கிப் போனவர்கள் மண்வெட்டி பிடிப்பது எங்ஙனம்? பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தனர். மனைவியிடமிருந்து கணவனைப் பிரித்தனர். குடிசைகள் போதவில்லை. நல்ல தண்ணீர் தொலைவில் இருந்தது. நம்பிக்கை இழந்தவர்கள் குடியிலும் சூதிலும் விழுந்தனர்.

ஆனால் அந்த இருளிலும் விளக்குகள் இருந்தன. அடிகளார் வருவதற்கு முன்பே, 1866 ஆம் ஆண்டிலேயே, புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த 35 நோயாளர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு திருச்சபையை அமைத்துக்கொண்டனர். சிலோவாம் குளத்தின் பெயரால் அது சிலோவாமா எனப்பட்டது. இன்னும் ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்களைக் கோக்குவா என்பர். கோக்குவா என்றால் ஹவாய் மொழியில் உதவி என்று பொருள். நோய் இல்லாதிருந்தும், நோயுற்ற கணவனுக்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ துணையாகத் தாமே விரும்பி அத்தீவுக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் பீடத்திலும் பொறிக்கப்படவில்லை. எனினும் மொலோக்காயின் முதல் தொண்டர்கள் அவர்களே.

தாழை மரத்தடியில்

1873 ஆம் ஆண்டு மே மாதம் ஆயர் மைக்ரே ஆண்டகை தம் குருக்களைச் சந்தித்தபோது, மொலோக்காய் நோயாளர்களுக்கு ஒரு குரு இல்லையே என்று வருந்தினார். எவரையும் அங்கே போகக் கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு குருக்கள் முன்வந்தனர். முறை வைத்து ஒருவர்பின் ஒருவராகச் செல்வது என்று முடிவாயிற்று. முதல் முறை தந்தை தமியானுக்கு. அப்போது அவருக்கு 33 வயது. மே மாதம் 10 ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது நோயாளர்களோடு ஒரே கப்பலில் வந்து அவர் அங்கே கால் வைத்தார். மாற்றுக் குரு பின்னர் வந்து அவரை விடுவிக்கவில்லை. அவர் அதை விரும்பவுமில்லை.

தங்க வீடு இல்லை. புனித பிலோமினா சிற்றாலயத்தின் அருகே நின்ற ஒரு தாழை மரத்தடியில் முதல் சில வாரங்கள் உறங்கினார். புண்களின் வாடை முதலில் அவரைத் திக்குமுக்காடச் செய்தது. அதைத் தாங்கிக்கொள்ளச் சுங்கான் பிடிக்கத் தொடங்கினார். பின்னர் அந்தச் சுங்கானையே நோயாளர்களோடு பகிர்ந்துகொண்டார். அவர்கள் உண்ட சேப்பங்கிழங்குக் கூழைப் பொதுக் கலயத்திலிருந்து அவர்களோடு சேர்ந்து உண்டார். புண் கட்டும் முறையை, முன்பு மருத்துவமனையில் உதவியாளராக இருந்த ஒரு நோயாளரிடம் கற்றுக்கொண்டார். குரு மாணவராகவும் நோயாளர் ஆசிரியராகவும் அமைந்த காட்சி அது!

சபை கடந்த நட்பு

அடிகளார் வந்த அதே 1873 ஆம் ஆண்டில் யோனத்தானா நபேலா என்பவரும் அங்கே வந்தார். இவர் ஹவாய் நாட்டுப் பெருங்குடியைச் சேர்ந்தவர், சட்டம் அறிந்தவர், மார்மன் சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவர். தம் சபையின் நூலை ஹவாய் மொழியில் பெயர்ப்பதற்குத் துணை நின்றவர். அவருடைய மனைவிக்குத் தொழுநோய் கண்டது. பதவியையும் சொத்தையும் பின்னே விட்டுவிட்டு, மனைவிக்குக் கோக்குவாவாக நபேலா மொலோக்காய்க்கு வந்தார். சில மாதங்கள் குடியிருப்பின் மேற்பார்வையாளராகவும் பணி செய்தார்.

நோய் இல்லாத இருவர், வேறு வேறு சபையினர், ஒரே கரையில் சந்தித்தனர். கோட்பாட்டில் அவர்கள் ஒத்துப்போக வழியே இல்லை. ஆனால் பசித்தவனுக்கு உணவு பங்கிடும்போதும், கூரை பறந்த குடிசையைச் சரிசெய்யும்போதும் கோட்பாட்டு வாதத்துக்கு நேரம் ஏது? இருவரும் நண்பர்களாயினர், அவரவர் மக்களையும் எல்லார் நலனையும் கவனித்தனர். ஈற்றில் நபேலாவையும் நோய் பற்றியது. 1879 ஆம் ஆண்டு கணவர் மனைவி இருவருமே மறைந்தனர். மனைவியை விட்டுப் பிரியாத அந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது என் கண்கள் பனித்தன.

கட்டியவர் கைகள்

அடிகளாருடைய பணி பேச்சைவிடச் சுத்தியலால் ஆனது என்றே சொல்லலாம். புயல் குடிசைகளைச் சாய்த்தபோது, அரசிடம் பலகைகள் கேட்டு வாங்கி வெள்ளையடித்த மரவீடுகள் எழுப்பினார். குழாய்கள் வரவழைத்து, உடல் வலு எஞ்சியிருந்த நோயாளர்களின் துணையோடு ஓடைத் தண்ணீரைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார். பெற்றோரற்ற சிறுவர் சிறுமியருக்கு இல்லங்கள் அமைத்தார். இறந்தவர்களை வெறும் பாயில் சுற்றிப் புதைத்த வழக்கத்தை மாற்ற, தாமே சவப்பெட்டிகள் செய்தார். தாமே குழி வெட்டினார். இறந்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் பெட்டியின் பலகை ஒன்றுதானே?

இசைக்குழு ஒன்றும் பாடகர் குழு ஒன்றும் அமைத்தார். விரல்கள் குறைந்த இருவர் அருகருகே அமர்ந்து, எஞ்சிய பத்து விரல்களால் ஓர் ஆர்மோனியத்தை வாசித்தனர் என்று சொல்லப்படுகிறது. வழிபாட்டுக்கு வராதவர்களும் பாட்டுக்கு வந்தனர். 1881 ஆம் ஆண்டு இளவரசி லிலியுவோகலானி அங்கே வருகை தந்தார். தம் மக்களின் கோலத்தைக் கண்ட அவர் பேச நா எழாமல் கண்ணீர் வடித்தார். பின்னர் நாட்டின் உயரிய விருதொன்று அடிகளாருக்கு வழங்கப்பட்டது. அந்த இளவரசியார் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வளவு இருந்தும் தனிமையின் வேதனையை அவர் அறியாமல் இல்லை. தீவை விட்டு வெளியேறக் கூடாது என்று அதிகாரிகள் கட்டுப்பாடு விதித்த நாள்களில் ஒருமுறை, அவருடைய சபை மாநிலத் தலைவர் கப்பலில் வந்தார். அவரைக் கரையிறங்க விடவில்லை. அடிகளாரைக் கப்பலில் ஏறவும் விடவில்லை. சிறு படகில் நின்றவாறே, மேலே நின்ற குருவுக்குக் கேட்கும்படி உரத்த குரலில் அடிகளார் தம் பாவங்களை அறிக்கையிட்டார். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மறைவான இடம் நமக்கு எப்போதும் உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. ஆயினும் அவர் வெட்கத்தைப் பொருட்படுத்தவில்லை.

நோயாளருள் நோயாளராக

1884 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு நாள், நெடுந்தொலைவு நடந்து களைத்து வந்த அடிகளார் கால்களை வெந்நீரில் வைத்தார். தோல் கொப்புளித்தது. ஆனால் சூடு தெரியவில்லை, வலி தெரியவில்லை. உணர்விழப்பே அந்நோயின் அடையாளம் என்பதை அவர் பலரிடம் கண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு மருத்துவர் அதை உறுதி செய்தார். வந்த நாள் முதலே நோயாளர்களைத் தம்மோடு சேர்த்து நாம் என்று பேசி வந்தவர் அவர். இப்போது அச்சொல் முற்றிலும் மெய்யாயிற்று.

செய்தி உலகெங்கும் பரவியது. அப்போது நிகழ்ந்ததுதான் வியப்பு. இலண்டன் நகரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஹியூ சாப்மன் என்பவர், தம் மக்களிடமும் பிறரிடமும் பெருந்தொகை திரட்டி, ஒரு கத்தோலிக்கக் குருவின் பணிக்கு அனுப்பி வைத்தார். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த எட்வர்டு கிளிஃபோர்டு என்ற ஓவியர் 1888 ஆம் ஆண்டு இறுதியில் நேரிலேயே வந்தார். தொழுநோய்க்கு நம் இந்திய நாட்டில் பயன்படுத்தப்பட்டு வந்த கர்ஜன் எண்ணெயை அவர் கொண்டுவந்தார். நோயின் அடையாளங்கள் நிறைந்த அடிகளாரின் முகத்தை அன்போடு ஓவியமாகத் தீட்டினார். மாற்றுச் சபையார் அனுப்பிய பணத்தை வாங்கலாமா என்று ஹொனலூலுவில் சிலர் முணுமுணுத்தனர். அடிகளாரோ அதை நோயாளர்களின் ஆடைக்கும் உணவுக்கும் செலவிட்டார்.

பணத்தைவிடப் பெரிய உதவி மனிதர்களாக வந்தது. 1886 ஆம் ஆண்டு ஜோசப் டட்டன் என்ற அமெரிக்கர் வந்து சேர்ந்தார். உள்நாட்டுப் போரில் போராடியவர். பின்னர் மதுவுக்கு அடிமையாகித் திருந்தியவர். புராட்டஸ்டண்டு சபையில் வளர்ந்து கத்தோலிக்கரானவர். தம் பழைய வாழ்வுக்குப் பரிகாரம் தேடி வந்த அவர், 44 ஆண்டுகள் அங்கே உழைத்து, 1931 ஆம் ஆண்டில் இறந்தார். 1888 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அன்னை மரியான் கோப் இரு அருட்சகோதரிகளோடு வந்தார். ஹவாய்க்கு வருமாறு ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற இல்லங்களுக்கு அழைப்பு சென்றது என்றும், அவற்றுள் இசைந்தது இவருடைய இல்லமே என்றும் அறிகிறோம். சிறுமியருக்காக ஓர் இல்லம் எழும்பியது. அதைக் கட்டப் பொருள் கொடுத்தவர் புராட்டஸ்டண்டு சபையினரான சார்லஸ் பிஷப் என்ற வங்கியாளர். நடத்தியவர்கள் கத்தோலிக்கக் கன்னியர். அன்னையார் கைகழுவுதலையும் தூய்மையையும் கண்டிப்பாக வலியுறுத்தினார். அச்சிறுமியருக்கு அழகிய உடைகள் தைத்துக் கொடுத்தார். நோயுற்ற பெண்ணுக்கும் நல்ல பாவாடை கட்ட ஆசை இருக்கும் அல்லவா? அதை உணர்ந்தவர் ஒரு தாய்தான்.

மறைவும் பழியும் புகழும்

1889 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள், புனித வாரத்தின் திங்கட்கிழமை, தம் 49 ஆம் வயதில் தந்தை தமியான் இறைவனடி சேர்ந்தார். தாம் முதலில் உறங்கிய அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டார். பதினாறு ஆண்டுகளில் அவர் அடைந்த மாளிகை அந்த மரநிழல் ஒன்றே.

அவர் மறைந்த சில மாதங்களில் ஹொனலூலுப் போதகர் ஒருவர் அவருடைய ஒழுக்கத்தைப் பழித்து எழுதிய கடிதம் அச்சேறியது. பழி வந்தது ஒரு மாற்றுச் சபையாரிடமிருந்து. அதற்கு மறுமொழி வந்ததும் மாற்றுச் சபையில் பிறந்த ஒருவரிடமிருந்தே. புதையல் தீவு என்ற கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்து நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். அடிகளார் இறந்த அடுத்த மாதமே அவர் மொலோக்காய்க்குச் சென்று ஒரு வாரம் தங்கினார். அன்னை மரியானின் இல்லத்துச் சிறுமியரோடு பந்து விளையாடினார்; பின்னர் அவர்களுக்கு ஒரு பியானோவும் அனுப்பி வைத்தார். அங்கிருந்த பல சபையினரிடமும் அடிகளாரைப் பற்றிக் கேட்டறிந்தார். அவருடைய குறைகளையும் மறைக்காமல், அவருடைய தொண்டின் பெருமையை விளக்கி 1890 ஆம் ஆண்டு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். குறைகளைச் சொன்ன பிறகும் குன்றாமல் நின்ற புகழ்தான் உண்மைப் புகழ்.

1936 ஆம் ஆண்டு அடிகளாரின் உடல் பெல்ஜியம் நாட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டு லூவேன் நகரில் வைக்கப்பட்டது. 1995 ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். அவ்வாண்டே அவருடைய வலக்கை மட்டும் மொலோக்காய் மண்ணுக்குத் திரும்பியது. எத்தனையோ புண்களைத் துடைத்த கை, தன் மக்களிடமே போய்ச் சேர்ந்தது. 2009 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதர் எனப் பறைசாற்றினார். 2012 ஆம் ஆண்டு அன்னை மரியானும் புனிதர் வரிசையில் சேர்ந்தார்.

நம் நாட்டுக் காந்தியடிகளும் தமியான் அடிகளாரை மிகவும் மதித்தவர். சேவாகிராம ஆசிரமத்தில், பர்ச்சுரே சாஸ்திரி என்ற வடமொழி அறிஞருக்குத் தொழுநோய் முற்றியிருந்தபோது, காந்தியடிகள் தம் கையாலேயே அவருடைய உடலைப் பிடித்துவிட்டுப் பணிவிடை செய்தார்.

இன்றைய நிலை

அடிகளார் மொலோக்காயில் கால் வைத்த அதே 1873 ஆம் ஆண்டில்தான் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார் என்பது வியப்பான ஒற்றுமை. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981 ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து உட்கொண்டால் இந்நோய் முற்றிலும் குணமாகும். அது பரம்பரை நோயன்று. பாவத்தின் சம்பளமும் அன்று. பெரும்பாலான மனிதர்க்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. தோலில் உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல் கண்டால் அஞ்சி மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மொலோக்காயில் ஏறத்தாழ 8,000 பேர் குடியேற்றப்பட்டனர். தனிமைப்படுத்தும் சட்டம் 1969 ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. போக விடுதலை கிடைத்தும், அதுவே தம் ஊர் என்று அங்கே தங்கியவர் பலர். அக்கடற்கரைக் கல்லறைத் தோட்டங்களில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டார், மார்மன் சபையார், சீனர், ஜப்பானியர் ஆகியோர் ஒரே அலையோசையின் அருகே துயில்கின்றனர்.

முடிவுரை

அன்புத் தோழியரே! நல்ல சமாரியன் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் வேற்று வழிபாட்டைச் சேர்ந்தவன் என்பதை ஆசிரியர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அக்கதையின் கடைசிப் பகுதியை நாம் விரைவாகக் கடந்து விடுகிறோம். சமாரியன் அவனைச் சாவடியில் சேர்த்துவிட்டு, தான் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றான். புண் ஆறும்வரை பார்த்துக்கொண்டவன் பெயர் தெரியாத அந்தச் சாவடிக்காரன். தூக்குவதற்கு ஒரு நொடித் துணிவு போதும். பார்த்துக்கொள்வதற்கோ நாள்கணக்கான பொறுமை வேண்டும்.

எங்கள் தெருவில் பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் விழுந்த முதல் வாரம் வீடு நிறைய மனிதர்கள். மேசை நிறைய ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டில்களும். நானும் அம்மாவோடு போனேன். மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் தவறாமல் வருபவர்கள் இருவர். எதிர்வீட்டு இஸ்லாமிய அம்மா மாலையில் வந்து பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுவிடுகிறார். கோயில் தெருவில் பூக்கட்டும் அக்காள் வெள்ளிக்கிழமைதோறும் வந்து தலை வாரிப் பின்னிவிடுகிறார். பாட்டியோ ஜெபமாலை சொல்லும் கத்தோலிக்கர். இக்கட்டுரைக்காகத் தமியான் அடிகளாரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், முதல் வாரத்துக்குப் பின் நான் அங்கே போகவே இல்லை என்பது நினைவுக்கு வந்து வெட்கினேன். இப்போது சனிக்கிழமைதோறும் சென்று பாட்டிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன். பெரிய தொண்டு ஒன்றுமில்லை. அரை மணி நேரம்தான்.

தந்தை தமியான் பதினாறு ஆண்டுகள் இருந்தார். அன்னை மரியான் முப்பது ஆண்டுகள் இருந்தார். டட்டன் அண்ணல் நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தார். நபேலா இறுதி மூச்சுவரை இருந்தார். இவர்களுடைய பெருமை எல்லாம் இருந்தார் என்ற அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. நம் அக்கம்பக்கத்தில் நெடுநாளாக நோயுற்றிருப்போர் எவராயினும், எந்தச் சமயத்தாராயினும், அவர்களைத் தமியராய் விடாதிருப்போமாக. மே மாதம் 10 ஆம் நாள் அடிகளாரின் திருநாள். அது விடுமுறைக் காலம். வாழ்த்து மடல் வாங்குவதைவிட, நோயுற்ற ஓர் அண்டை வீட்டாரின் கதவைத் தட்டுவதே அந்நாளைக் கொண்டாட ஏற்ற வழியாகும்.

புனித தமியானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு